இரண்டு துண்டாக ஒரு மருந்து

தம்பிக்கு முதல் பால்பல் விழுந்தபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். சாயங்காலம் சாப்பிடும்போது தட்டில் சோறு சிவந்திருந்தது. காலையில் தலையணை உறை சிவந்திருந்தது. அம்மா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், மஞ்சள் வைத்தாள். பல் இருந்த குழியிலிருந்து ரத்தம் எந்த அவசரமும் இல்லாமல் ஊறிக்கொண்டே இருந்தது. பீறிட்டு வந்திருந்தால் அக்கம்பக்கத்தில் ஆள் கூடியிருக்கும். அது வெறுமனே கசிந்தது.

அப்பாவுக்குக் கொச்சி கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் வேலை. அன்று லீவு சொல்லிவிட்டு மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து போட்டில் காயலைக் கடந்து எங்களை எறணாகுளத்துக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், எடுத்த இடத்திலும் ரத்தம் நிற்கவில்லை. சில நாள் கழித்து டாக்டர் அம்மாவிடம் கேட்டார்: "உங்கள் கூடப்பிறந்த ஆண்கள் யாருக்காவது இப்படி உண்டா?"

அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார் என்றுதான் எங்களுக்குத் தெரியும். பெரிய உயரமில்லை, யாரும் சாகிற உயரமில்லை என்று அன்றுதான் அம்மா சொன்னாள்.

"அம்மா வழியாக வரும் நோய் இது," என்றார் டாக்டர். "பெண்கள் சுமப்பார்கள். ஆண்பிள்ளைகளுக்கு வரும். ரத்தத்தை உறைய வைக்கிற ஒரு புரதம் இவன் உடம்பில் உண்டாகவில்லை."

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வானிலை சொல்வதைப்போலச் சொன்னார். ஆனால் திரும்பி வரும் போட்டில் இடம் காலியாக இருந்தும் அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி மட்டாஞ்சேரி வரும்வரை நின்றுகொண்டே வந்தாள். பெண்கள் சுமப்பார்கள் என்றால் நானும் சுமக்கலாம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஃபாக்டர் எட்டு என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். வெளிநாட்டில் அதைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள், ஊசியாகப் போட்டால் போதும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நாங்கள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஐஸ்.

வெளியே தெரிகிற ரத்தம் ஒன்றுமே இல்லை என்று சீக்கிரம் கற்றுக்கொண்டோம். உள்ளே கசிவதுதான் அவனைத் தின்றது. பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய் வந்ததற்கே முட்டி வீங்கிவிடும். முதலில் "அக்கா, உள்ளே ஏதோ கிர்ர்னு ஓடுது" என்பான். அதைக் கேட்டதும் நான் வாளியை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு ஓடுவேன். மீனுக்குப் போடுகிற ஐஸை உடைத்துக் கொடுப்பார்கள். துண்டில் சுற்றி முட்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முட்டி என் கண்முன்னால் பெரிதாகும். தோல் பளபளக்கும். அவன் சட்டைக் காலரைக் கடித்துக்கொள்வான். வீக்கம் தாங்க முடியாமல் போனால் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெட்டிக்குப் போவார். ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த பையை வெதுவெதுப்பான நீரில் உருக்கி ஏற்றுவார்கள். சில சமயம் பை இருக்காது. அப்போது மறுபடியும் ஐஸ்தான்.

ஐஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வேலை இல்லை. ஆனால் வேறு செய்ய எதுவும் இல்லாததால் அதைச் செய்தோம். பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அவன் வலது முட்டி முழுதாக நீளாது என்றாகிவிட்டது.

நான் உயிரியல் படித்தது அதனால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் மார்க் அதற்குத்தான் வந்தது. வீட்டில் தமிழ் பேசி, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, காலேஜில் இங்கிலீஷில் தடுமாறி, எப்படியோ எம்.எஸ்ஸி. முடித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு லேபில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். காலையில் போட்டில் எறணாகுளம், அங்கிருந்து பஸ் கலூர், இன்னொரு பஸ். லேபை நடத்தியவரை டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கண்டிப்பானவர், கெட்டவரில்லை. பாதி உபகரணங்களின் மேல் துணி போர்த்தியிருக்கும். ரிப்பேர் என்று அர்த்தம்.

முதல் மாதம் டீச்சர் எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். இன்டீன் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு புரதத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் துண்டு. புரதம் உண்டானதும் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். வருகிறபோது தனக்கு இருபுறமும் இருந்த முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு வரும். கத்தி வேண்டாம், பசை வேண்டாம், வேறு நொதி வேண்டாம். ஒரு பாசியில் இது இரண்டு துண்டாகவே இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு பாதி ஒரு புரதத்தின் வாலில், மறுபாதி இன்னொரு புரதத்தின் தலையில். இரண்டும் சந்தித்தால் பற்றிக்கொண்டு, புரதங்களைச் சேர்த்துவிட்டுத் தாங்கள் கழன்றுவிடும்.

"இதை வைத்து நமக்கு வேண்டிய புரதங்களைத் துண்டு துண்டாகச் செய்து சேர்க்கலாம்," என்றார் டீச்சர். "இயற்கையில் இல்லாததைக்கூட. நீ முதலில் ஜெல்லி மீனிலிருந்து வந்த, பச்சை நிறத்தில் ஒளிரும் புரதத்தை இரண்டாக வெட்டு. பாக்டீரியாவுக்குள் இரண்டு பாதியும் சேர்ந்தால் பச்சை தெரியும். சேராவிட்டால் இருட்டு. நமக்கு அது போதும்."

வேண்டிய டி.என்.ஏ. வெளிநாட்டு லேப் ஒன்றிலிருந்து தபாலில் வந்தது. ஒரு காகிதத் துண்டில் பென்சிலால் வட்டம் போட்டு, அதற்குள் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. சொட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. வட்டத்தை நம்பி வெட்டித் தண்ணீரில் ஊறவைத்தேன்.

அந்த வாரம் டீச்சர் சாயா குடித்துக்கொண்டே போகிறபோக்கில் ஒன்று சொன்னார். மரபணுக்களை உடம்புக்குள் கொண்டுபோகிற வைரஸில் பெரிய மரபணுவுக்கு இடம் போதாது, அதனால் வெளிநாட்டில் சிலர் மரபணுவை இரண்டாக வெட்டி இரண்டு வைரஸில் அனுப்பி, உள்ளே போனபின் இன்டீனை வைத்துப் புரதத்தைச் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று. "உதாரணத்துக்கு ஃபாக்டர் எட்டு," என்றார். "அது ரொம்பப் பெரியது."

என் தம்பியைப் பற்றி நான் லேபில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் அந்தப் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த சாயாவை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் தம்பியிடம் சொன்னேன். அவன் அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தான். ஊனமுற்றவர்களுக்கு என்று கிடைத்த பூத். எல்லோர் கையிலும் மொபைல் வரத் தொடங்கியிருந்ததால் ரீசார்ஜும் விற்றான். நான் சொன்னதை ஒரு காலை நீட்டியபடி முழுக்கக் கேட்டான்.

"கலூரில் வாங்கின கட்டிலை அப்பா கழற்றி போட்டில் கொண்டுவந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான். ஆனா வீட்டுக்கு வந்ததும் கட்டில் தானாப் பூட்டிக்கும். பூட்டினதும் ஸ்குரூ எல்லாம் தானாக் கழன்று விழுந்துடும்."

"ஸ்குரூ விழுந்தா கட்டில் நிக்குமா?"

"நிக்கும்."

"ஆசாரிக்கு வேலை போச்சு," என்று சிரித்தான். பிறகு, "நீ அதைத்தான் பண்றியா?" என்றான்.

"நான் ஜெல்லி மீன் புரதத்தைப் பண்றேன். பச்சையாத் தெரியுதான்னு பாக்கறது. மருந்து இல்ல. மருந்துக்கு ரொம்ப தூரம்."

அவனுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் ராத்திரி சாப்பாட்டின்போது அம்மாவிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். "அம்மா, அக்கா என் மருந்தை ரெண்டு துண்டாப் பண்றா. ஒட்ட வேண்டியதுதான் பாக்கி."

அம்மா சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று சொன்னேன். பாக்டீரியா, பச்சை, பரிசோதனை என்று விளக்கினேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது தம்பி சொன்னது மட்டும்தான்.

அம்மா ஜூ டவுனில், பழைய யூதர் தெருவில், ஒரு மிளகு குடோனில் வேலை பார்த்தாள். பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து புடைத்து, கல்லும் காம்பும் பொறுக்குவார்கள். அங்கே பேசாத பேச்சில்லை. ஆனால் மகனுக்கு வந்த நோய் தன் வழியாக வந்தது என்பதை அம்மா அங்கே சொன்னதே இல்லை. அந்த வாரம் மருந்தைப் பற்றிச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொச்சங்காடியிலிருந்து ஓர் இத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். முஸ்லிம் வீட்டு அக்காக்களை அப்படித்தான் கூப்பிடுவோம்; இவர் அம்மாவோடு குடோனில் வேலை பார்ப்பவர். இடுப்பில் ஒரு பையன். ஏழு வயதிருக்கும், இடுப்பில் தூக்குகிற வயதில்லை. அவன் இடது முழங்கை மடங்கியபடியே இருந்தது. பார்த்தவுடன் எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிட்டது.

இத்தா பேசியதெல்லாம் மலையாளம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். மகளே என்பதற்கு அவர் சொன்ன 'மோளே'யை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

"மோளே, உன் அம்மா சொன்னாள். இவனுக்கும் அதே நோய்தான். உன் தம்பிக்குக் கொடுத்தபிறகு மிச்சம் இருந்தால் போதும்."

தட்டு நிறைய, அரிசிமாவில் சுட்ட பத்திரி கொண்டுவந்திருந்தார். அம்மா அதை வாங்கி உள்ளே வைத்தாள். எனக்கு அவளைத் தடுக்க வேண்டும்போல இருந்தது.

"இத்தா, மருந்து என்கிட்ட இல்ல," என்றேன்.

"இப்போ வேண்டாம். ஆகட்டும். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ நாங்கள் இருந்துகொள்வோம்."

என்னால் என்னவெல்லாம் சொல்ல முடியுமோ சொன்னேன். நான் செய்வது வேறு புரதம் என்றேன். அது சேர்ந்தாலும் ஃபாக்டர் சேரும் என்று அர்த்தமில்லை என்றேன். சேர்ந்தாலும் முதலில் எலியில், பிறகு பெரிய மிருகத்தில், பிறகு எத்தனையோ வருடம் கழித்து மனிதரில் என்றேன். அதையும் நான் செய்யப் போவதில்லை, எங்கள் லேபில் அதற்கு வசதி இல்லை என்றேன். இன்டீன் என்ற சொல்லுக்கு எனக்குத் தமிழும் தெரியவில்லை, மலையாளமும் தெரியவில்லை. சொல்லச் சொல்ல நான் பெரிதாக எதையோ செய்வதைப்போலத்தான் ஒலித்தது. இத்தா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "படித்த பிள்ளைகள் கர்வம் இல்லாமல் இப்படித்தான் பேசும்," என்று அம்மாவிடம் சொன்னார்.

தம்பி பையனை மடியில் வைத்து மொபைலில் பாம்பு விளையாட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் போனதும் என்னிடம் கேட்டான்: "நான் சும்மா சொன்னேன்க்கா. இப்போ என்ன பண்றது?"

அம்மாவிடம் பேசினேன். சண்டை போடவில்லை, பேசத்தான் பேசினேன். குடோனில் போய் அது மருந்தில்லை என்று சொல்லிவிடச் சொன்னேன்.

"ஏட்டி, எங்கிட்டேருந்து வந்ததுன்னு அன்னைக்கு அந்த டாக்டர் சொன்னாரே," என்றாள். "எனக்குப் பொறந்தவதான் அதத் தீத்தான்னு ஒரு தடவ சொல்லிட்டேன். இனி இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

இத்தாவின் தட்டைக் கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தேன்.

மறுநாளிலிருந்து லேபில் என் கைகள் வேறு மாதிரி வேலை செய்தன. நியாயமே இல்லாத அவசரம் என்று தெரியும். பச்சை தெரிந்தால் யாருக்கும் ரத்தம் நிற்கப் போவதில்லை. இருந்தும் பச்சை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். பாக்டீரியாவை வளர்த்தேன், புரதத்தை உண்டாக்கினேன், புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். இருட்டு. மறுபடி வளர்த்தேன். இருட்டு. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோதுதான் நடந்தது தெரிந்தது. இன்டீன் தன்னை வெட்டிக்கொண்டிருந்தது, ஆனால் சேர்க்கவில்லை. இரண்டு பாதிகளும் தனித்தனிக் கோடுகளாகக் கீழே கிடந்தன. சேர்ந்த புரதம் இருக்க வேண்டிய உயரத்தில் ஒன்றுமே இல்லை.

"இது இப்படியும் செய்யும்," என்றார் டீச்சர். "பாதி வேலையைச் செய்துவிட்டு நிறுத்திவிடும். வெட்டுவது சுலபம். வெட்டுகிற அதே நேரத்தில் சேர்ப்பதுதான் கஷ்டம்."

"எப்படிச் சேர்க்க வைப்பது, டீச்சர்?"

"நாம் சேர்க்க முடியாது. அதுவாகச் செய்ய வேண்டும். நாம் சூழ்நிலையை மாற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். குளிர்ந்த இடத்தில் மெதுவாக வளர்த்துப் பார்."

குளிரூட்டிக்கொண்டே குடுவையைக் குலுக்குகிற ஷேக்கர் துணி போர்த்தியவற்றில் ஒன்று. கட்டிடத்தில் கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான் ஏ.சி. இருந்தது. சின்ன ஷேக்கர் ஒன்றை அங்கே கொண்டுபோய் வைக்க அனுமதி வாங்கினேன். கரண்ட் போனால் ஏ.சி.யும் நிற்கும், ஷேக்கரும் நிற்கும், பாக்டீரியா குடுவையின் அடியில் படிந்துவிடும். அந்தக் கோடையில் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. நான் குடுவையைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டு நிற்பேன். கம்ப்யூட்டர் அறைக்கு வந்த பையன்கள் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குடோனில் இத்தா அம்மாவிடம் கேட்பார். அம்மா என்னிடம் கேட்பாள். "இல்லம்மா" என்பேன். அம்மா அவரிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்டதில்லை.

மழை ஆரம்பித்த பிறகு, கரண்ட் போகாத ஒரு வாரம் அமைந்தது. திங்கட்கிழமை காலை குழாயை விளக்கின் கீழ் வைத்தபோது மங்கலாகப் பச்சை தெரிந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார். ஜெல்லிலும் மெலிதாக ஒரு கோடு, இருக்க வேண்டிய இடத்திலேயே. டீச்சர் என் முதுகில் தட்டினார். லேபில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கினோம். பொய் சொல்லவில்லை, அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாரும் தொடாமல், யாரும் ஒட்டாமல், இரண்டு பாதிகள் ஒன்றை ஒன்று கண்டுபிடித்திருந்தன.

அதே வாரத்தில் ஒரு மத்தியானம் தம்பி பூத்திலிருந்து லேபுக்கு போன் பண்ணினான். "அக்கா, இத்தா இங்க நிக்கறா. பையன் ஸ்கூல்ல விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீ வந்தாத்தான் போவேன்கறா. உங்கிட்ட இருக்கறத எடுத்துக்கிட்டு வரச் சொல்றா."

"எங்கிட்ட என்னடா இருக்கு?"

"எனக்குத் தெரியும்க்கா. நீ சும்மாவாவது வா."

ஆஸ்பத்திரி எறணாகுளத்தில்தான் என்பதால் அவர்களுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். தம்பி பூத்தை அடைத்துவிட்டு, நொண்டியபடியே அவர்களைக் கூட்டி வந்தான். இத்தாவின் தோளில் பையன் வயிற்றோடு தொடையை மடக்கிக் கிடந்தான். பெஞ்சின் விளிம்பில் மோதி விழுந்திருக்கிறான். ஒரு சொட்டு ரத்தம் வெளியே இல்லை. காலை நீட்டச் சொன்னால் கத்தினான். இடுப்புக்குள்ளே, தொடையைத் தூக்கும் தசையில் ரத்தம் இறங்குகிறது என்று டாக்டர் சொன்னார். இளவயது டாக்டர், கண்ணெல்லாம் தூக்கம்.

"ஃபாக்டர் ஸ்டாக் இல்லை. ரத்த வங்கியில் கேட்டிருக்கிறேன். பை வந்தால் ஏற்றலாம். அதுவரை அசையாமல் படுக்க வையுங்கள்."

தம்பி தனக்குத் தெரிந்த நோயாளிகளுக்கெல்லாம் போன் போட்டான். யாராவது ஒரு குப்பி பத்திரப்படுத்தி வைத்திருக்க மாட்டார்களா என்று. ஒருவரிடமும் இல்லை. ஒருவர் எடுக்கவே இல்லை. நான் ஒரு நர்ஸிடம் ஐஸ் கேட்டு வாங்கித் துணியில் சுற்றிப் பையனின் இடுப்பில் வைத்துப் பிடித்தேன். கை பழக்கத்தில் தானாக அந்த வேலைக்குப் போனது.

அப்போது இத்தா டாக்டரிடம் சொன்னார்: "டாக்டரே, இந்த மோள்தான் அந்த மருந்து செய்கிறவள். ரெண்டு துண்டாகச் செய்து ஒட்டுகிறாள். என்ன வேண்டும் என்று இவளிடம் சொல்லுங்கள்."

டாக்டர் என்னைத் திட்டப் போகிறார், அல்லது சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நான் எங்கே படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். இன்டீன் என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. இங்கிலீஷில் சுருக்கமாகச் சொன்னேன். ஃபாக்டர் எட்டைப் பற்றி வெளிநாட்டில் யோசிக்கிறார்கள் என்றும், என்னுடையது பச்சைப் புரதம் மட்டும்தான் என்றும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே கேட்டார்: "எப்போ வரும்?"

டாக்டரே என்னிடம் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இத்தா கேட்டபோதாவது எனக்கு விளக்க ஏதோ இருந்தது. இவரிடம் விளக்க ஒன்றுமில்லை. அவரிடமும் எதுவும் இல்லை, என்னிடமும் இல்லை.

"தெரியாது டாக்டர்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இத்தாவுக்கு எங்கள் இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்திருக்க வேண்டும். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த ஐஸ் துணியை மெதுவாக வாங்கிக்கொண்டார். "உன் கை விறைத்துப்போச்சு மோளே," என்றார். "கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்." அதற்குப்பிறகு ஒருநாளும் அவர் மருந்தைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

இருட்டுவதற்குமுன் பை வந்தது. இரண்டு நாள் கழித்து இன்னும் சில பைகள் வந்தன. பையன் பிழைத்தான். ஆனால் தேங்கிய ரத்தம் நரம்பை அழுத்திவிட்டிருந்தது. கட்டிலை விட்டு எழுந்தபோது அந்தத் தொடைக்குச் சக்தி இல்லை. படியேறும்போது கையால் முட்டியைத் தூக்கி வைத்து ஏறினான். பிறகு கொஞ்சம் தேறியது, முழுதாக இல்லை.

அம்மா குடோனில் மருந்துப் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் சொல்லி அல்ல. இத்தாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் மிளகு புடைத்தார்கள். ஒருவர் சோற்றுப் பாத்திரத்திலிருந்து ஒருவர் மீன் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு மட்டும் இல்லை.

நான் பச்சைப் புரதத்தோடு இன்னும் சில வருடம் இருந்தேன். எந்த வெப்பத்தில் எவ்வளவு சேர்கிறது, எந்த இடத்தில் வெட்டினால் நன்றாகச் சேர்கிறது என்றெல்லாம் பார்த்து ஆய்வேடு எழுதினேன். வைவாவில் வந்த பெரியவர் இதனால் என்ன பயன் என்று கேட்டார். எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். உயிரித் தொழில்நுட்பத்தில் கருவி, பெரிய புரதங்களைக் கட்டுவது, மரபணு சிகிச்சை. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அரசு ஆஸ்பத்திரிகளில் ஃபாக்டர் குப்பிகள் வைக்க ஆரம்பித்தது அதற்கும் பின்னால். அதற்கும் எங்கள் லேபுக்கும், இன்டீனுக்கும், எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கியது. தம்பியும் அந்தக் கூட்டத்தில் போனான். குப்பி வந்தபோது அவன் முட்டிக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. இனி வேறு மூட்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஆய்வேடு கொடுத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாளில், ஃபாக்டர் எட்டின் இரண்டு பாதிகளை இன்டீன் எலிக்குள் சேர்த்துவிட்டதாக ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாசித்தேன். வாசித்ததும் நேரே பூத்துக்குப் போனேன். தம்பி ஒரு வங்காளத் தொழிலாளிக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினான். நான் வாசலில் நின்றேன். அந்த ஆள் போனதும் சொன்னேன்.

"எலிக்கா?" என்றான்.

"எலிக்கு."

"நல்லதுதான்," என்றான், கேலியாக இல்லை. "அம்மாகிட்ட சொல்லாதே." பிறகு மேஜையைப் பிடித்து எழுந்து, காலைச் சரிசெய்துகொண்டு, "கொஞ்சம் உக்காரு, பாத்ரூம் போயிட்டு வர்றேன். இந்தக் காலோட படி இறங்கி ஏற நேரமாகும்," என்றான்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கடையில் ஏலக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து, துபாய்க்குப் பேச நிமிஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பூத்துக்காரச் சேட்டன் இப்போது வந்துவிடுவார், நில்லுங்கள் என்று சொன்னேன்.